நான் வரைந்த வலம்புரி

துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகளில், தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலையில் இருந்தேன். நான் பக்கத்தில், கடல் இல்லாத நாசரேத் ஊர்க்காரன். எனக்குப் பின்னால் சேர்ந்த சேவியர், கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவரின் மகன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் கறுப்பு மையில் ஒரு சங்கு வரைந்தான். உள்ளே முழுக்க மீன் செதிலும் வலைக்கண்ணும் அலையுமாக மயிரிழைக் கோடுகள். இன்ஜினியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என் கோடுகளை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அலுவலகக் கண்காட்சி வந்தது. சேவியர் விடுப்பில் இருந்த நாளில் அவன் படத்தை எடுத்தேன். அடையாளம் தெரியக்கூடாதென்று தாளைக் குப்புறப் போட்டுப் படியெடுத்தேன். செதில்களுக்குப் பதிலாகப் பூக்கள் போட்டு, கீழே என் பெயரை எழுதினேன்.

கண்காட்சியில் அவன் படமும் என் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. என் படத்தின் முன்னால் சேவியர் வெகுநேரம் நின்றான். இன்ஜினியர் அருகில் வந்து, "ஒண்ணைப் பாத்து ஒண்ணு போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார்.

"இல்ல சார். என்னுது சாதாரணச் சங்கு. அண்ணாச்சி போட்டது வலம்புரி. எங்கப்பா இத்தன வருசமா சங்கு குளிக்காவ, அவியளுக்கே ஒண்ணுகூட ஆப்பிட்டதில்ல" என்றான் சேவியர்.

அப்போதுதான் பார்த்தேன். தாளைத் திருப்பியதில் சங்கின் சுழியும் எதிர்ப்பக்கம் திரும்பி, சாதாரணச் சங்கு வலம்புரியாகியிருந்தது. என் திருட்டு அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.