கூடைக்குள் ஆத்தாளின் சேவல்

விடிந்தால் ஊருக்கெல்லாம் நிம்மதி. வீரம்மாளுக்கு மட்டும் இல்லை. கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்து, உயரமில்லாத கூடை ஒன்றைச் சேவலின் மேல் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியையும் வைத்துவிடுவாள். கழுத்தை நீட்ட இடமில்லாவிட்டால் சேவலால் கூவ முடியாது. "பொறுத்துக்கோடா ராசா, பொறுத்துக்கோ ஆத்தா" என்று பறவைக்கும் தெய்வத்துக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்வாள்.

கெடார் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் விருத்தாசலத்துக்குத் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கும் வேலை. காமாலை கண்டு அவன் கிழிந்த நாராய்க் கிடந்தபோது, ஒரு குஞ்சின் காலில் மஞ்சள் துணி கட்டி, "எழுப்பிக் குடுத்தியானா இத உன் வாசல்ல கொண்டாந்து விடறேன்" என்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவன் எழுந்துவிட்டான். ஆனால் கூட்ட பஸ்ஸில் அவ்வளவு தூரம் போக முதலில் அவனுக்குத் தெம்பு வரவில்லை; பிறகு மண்டி வேலையில் அமாவாசைகள் தள்ளிப்போயின. குஞ்சு சேவலாகி அவன் தட்டிலேயே தின்றது, அவன் கால்மாட்டிலேயே தூங்கியது. நேர்ந்துவிட்டதை விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

குடிசை மழையில் விழுந்தபின், புது நகர் ஒன்றில் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. அங்கே வீட்டுக்காரர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். முகப்பில் பலகை: 'நாய், ஆடு, கோழி வளர்க்கக் கூடாது. மீறினால் வீடு காலி.' குடிவந்த அன்று அதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது, சேவல் முந்தானைக்குள் இருந்தது.

ஒருநாள் கூடை கவிழ்க்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. குழாயடியில் எதிர்வீட்டு இருதயமேரி கேட்டாள்: "காலையில சேவல் கூவிச்சே, வீரம்மா?"

"ரேடியோவா இருக்கும்க்கா."

"உன் ரேடியோ கேப்பை திங்குமா? வாசல்ல எறைஞ்சி கெடக்குது!"

வீரம்மாளின் இடுப்பில் குடம் தளும்பியது.

மறுநாள் கூடையை எடுக்கும் முன்பே சங்கச் செயலாளர் கோதண்டபாணி வாசலில் நின்றார். விருத்தாசலம் மண்டிக்குப் போயிருந்தான்.

"தோ பாரும்மா, சங்கத்துல பேஜாரு பண்றாங்க. வீட்டுல கோழி கீதா?"

"இல்லீங்க சார்."

கூவிவிடாதே, கூவிவிடாதே என்று உள்ளுக்குள் கும்பிட்டாள். சேவல் கூவவில்லை. அவர் சாக்கடை, குப்பை என்று பேசிக்கொண்டே போனார். வெயில் ஏறியது. வழக்கமாக இந்நேரம் கூடையைக் கீறும். இன்று நகச் சத்தம்கூட இல்லை. மூச்சு முட்டிவிட்டதோ? ஆத்தாளுடையதைக் கொன்றுவிட்டேனோ? அது போனால் புருஷன் உயிருக்கு யார் ஜாமீன்?

"சரி, நம்பறேன்மா. கற்பூரம் ஏத்தி அணைச்சி சத்தியம் பண்ணிடு. சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வாய்ப்பொய் சொல்லியாயிற்று. கற்பூரத்தின் மேல் எப்படிச் சொல்வாள்? உள்ளே ஓடிக் குழவியைத் தள்ளிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். சேவல் கழுத்து துவண்டு கிடந்தது. மடியில் அள்ளிப் போட்டு அலகில் தண்ணீர் விட்டாள். "கூவுடா ராசா! எங்கள வெளிய அனுப்பினாலும் பரவால்ல, கூவுடா!"

பின்னாலேயே வந்த கோதண்டபாணி சேவலின் காலிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். உடனே செருப்பைக் கழற்றினார்.

"மலையனூருக்கு விட்டதா?"

தலையாட்டினாள்.

"அடிப் பாவி, மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எங்க போர்டுக்குப் பயந்து இது செத்துதுன்னா, ஆத்தா என் வீட்டுக்கில்ல வருவா?"

சேவல் கண்ணைத் திறந்தது. தும்மியது. தள்ளாடி நின்று, தெருவே கேட்கக் கூவியது.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வர்ற அமாவாசைக்குக் கொண்டுபோய் விட்டுடு. அதுவரைக்கும் எனக்குக் காது கேக்காது. அப்புறம் ஒரு எறகப் பாத்தாலும் வீடு கெடையாது."

அடுத்த விடியலில் பழக்கதோஷத்தில் அவள் கை கூடைக்குப் போய்த் திரும்பியது. சேவல் கூவியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இருதயமேரி தலையை நீட்டினாள்.

"வீரம்மா, ரேடியோல டைம் சொல்லிட்டான், எழுந்திரு!"

வீரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. விருத்தாசலத்தின் கால்மாட்டில் சேவல் இறகு கோதிக்கொண்டிருந்தது. அமாவாசைக்குப் பிறகு அந்த இடம் வெறுமையாகிவிடும்; அவன் உயிருக்கான ஜாமீனும் போய்விடும். அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.