ரயிலின் ஏழு மணி நேரம்

மருத்துவமனையில் சக்கரக் கட்டில் தள்ளுகிறவருக்கு ரயில் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே தடம்: வார்டு, சரிவுப்பாதை, ஸ்கேன் அறை, மறுபடி வார்டு. சரிவில் நோயாளியோடு கட்டிலை ஏற்றினால் வலது முழங்கால் உயிரை வாங்கும். கூட ஒரு ஆள் கேட்டு மனு எழுதியே மூன்று பேனா தீர்ந்திருந்தது.

கடைசியில் நிர்வாகம் மனமிரங்கி ஆளுக்கொரு கைக்கடிகாரம் தந்தது. ஊழியர்கள் எல்லோரும் ஒரு வாரம் கட்டிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு அசைகிறார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் ஆள் ஒதுக்குவார்களாம்.

"கால் சொன்னா நம்பல. கை சொன்னா நம்புவாங்களாம்," என்று மனைவியிடம் சொன்னவர், குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. ஸ்கேன் அறைக்குப் போகும்போது மட்டும் கழற்றினார். அங்கே இருப்பது பெரிய காந்தம். கையிலோ பையிலோ உள்ள உலோகம் எதுவானாலும் சரிவின் அடியிலுள்ள தட்டில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ரயில் விதி மீறாத மனிதர்.

அறிக்கை வந்தது. நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்றது. புள்ளிவிவரம் பார்க்கும் பெண்ணின் மேசைக்கு நேரே போய் நின்றார்.

"ஏழு மணி நேரம் எந்த நாற்காலியிலம்மா உக்காந்தேன்? காட்டு, நாளைக்குப் போய் உக்காந்துக்கிறேன்."

"நீங்க உக்காரல அண்ணே. கழட்டி வச்ச நேரமெல்லாம் காலியா இருந்துச்சு. உங்க வயசு, உங்க எடை உள்ளவங்க அந்த நேரத்துல எவ்வளவு அசைஞ்சாங்களோ, அந்தச் சராசரியைப் போட்டு நிரப்பினோம். அதான் முறை."

"என் எடைக்கு இங்க யாரு இருக்கா?"

அவள் பட்டியலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ரெக்கார்டு ரூம்ல நாலு பேரு."

"சரிதான். அவங்க தூங்கினதெல்லாம் என் கணக்குல வந்திருக்கு."

முறையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கடிகாரத்தைக் கழற்றிய மனிதன் கட்டிலில் படுத்தானா, கட்டிலைத் தள்ளினானா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்தப் பெண் இதையெல்லாம் அடிக்குறிப்பாகப் பதினேழாம் பக்கத்தில் எழுதித்தான் இருந்தாள். நிர்வாகம் முதல் பக்கத்தோடு மூடிவிட்டது.

திங்கட்கிழமை உத்தரவு: வேலைச்சுமை குறைவாக இருப்பதால் சலவைத் துணி வண்டியும் இனி அவர் பொறுப்பு.

மறுநாள் சரிவின் அடியில் அவள் வந்து நின்றாள். "ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் அண்ணே."

"வேணாம்மா. யாராவது பாத்தா, எனக்கு ஆள் கிடைச்சிருச்சுன்னு எழுதிருவாங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்.