கால் பொறுக்கும் சூடு

நீங்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை, டாக்டர். படித்த மாதிரி எழுதினீர்கள். உங்களிடம் இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மருத்துவப் பத்திரிகைகளில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தச் செய்தியை யாருடைய எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தோம் என்று அதில் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பது என்றால் கமா, புள்ளி, ஆண்டு. எடுத்த இடத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று யாரும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. நானும் பார்த்ததில்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றி நீங்கள் எழுதியதும் என் கைவழியாகத்தான் போனது. ஒரு பெயருக்குப் பின்னால் கமா விட்டுப் போயிருந்தது. போட்டு அனுப்பினேன்.

என் அண்ணன் தாராவியிலிருந்து மாஹிம் வரை சைக்கிளில் போய் இட்லி விற்றவன். சர்க்கரையில் கால் மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாமல் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வருவான். நாங்கள் சிரிப்போம். எங்கள் தெருமுனை கிளினிக்கில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். மரத்த காலுக்கு வெந்நீர் நல்லது, கால் பொறுக்கும் சூட்டில் தினமும் கால் மணி நேரம் வைக்கவும் என்று தமிழிலும் இந்தியிலும் போட்டிருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. தண்ணீர் ஊற்றியது நான்தான்.

"ஏட்டி, இது வெந்நியா? பச்சத்தண்ணியால்லா இருக்கு."

கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. சுடுகிறது என்றும் சொன்னேன்.

"ஒனக்கு ஆபீஸ் கை. நான் இட்லிக் கொப்பரையில கை விடுதவன். ஊத்து."

நோட்டீஸும் அதைத்தானே சொன்னது. கால் பொறுக்கும் சூடு. அவன் கால் பொறுத்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தாலும் பொறுத்திருக்கும்.

சாயங்காலம் தோல் கொப்பளித்து உரிந்தது. அடுத்த மாதம் இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது பாதம் முழுவதும் கறுத்துக்கொண்டு வருகிறது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்று வியாழக்கிழமை சொல்வார்கள்.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் உங்கள் கட்டுரையின் தலைப்பு இருந்தது. என் கண் முதலில் அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகும். ஆபீசில் போய் எடுத்துப் பார்த்தேன். நோட்டீஸின் வெந்நீர் வரி அதில் அப்படியே இருந்தது. அதற்கு நீங்கள் ஆதாரமாகக் காட்டியிருந்தது ஒரு தமிழ் டாக்டர் எழுதிய பழைய கட்டுரை. அந்தப் பெயரில் தேடினால் அப்படி ஒரு கட்டுரையே கிடைக்கவில்லை.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் கேட்டால் அப்பா பெயரை எழுதிவிடுவோம். ஆபீசில் என்னைக் கூப்பிடுவதே செத்துப்போன என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான். அதனால் அந்த டாக்டருடைய அப்பா பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவருடைய சொந்தப் பெயரில் தேடினேன். வந்துவிட்டது. பக்க எண்ணும் நீங்கள் போட்டது இல்லை. உங்களுக்கு முன்னால் வந்த இன்னொரு கட்டுரையில் அதே தலைகீழ்ப் பெயர், அதே தப்பான பக்கம். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய நம்பரையும் சேர்த்து எழுதிவைத்த மாதிரி.

அந்தப் பழைய கட்டுரை நாலே பக்கம். மரத்த காலை வெந்நீரில் வைக்கக் கூடாது என்று சொல்கிறது. வெந்த காலோடு வந்தவர்களைப் பார்த்து எழுதியது.

பத்திரிகைக்கு எழுதினேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் உங்களைக் கேட்டார்களாம். பெயர் வரிசை மாறிவிட்டது, அதனால் கட்டுரையின் முடிவு மாறாது என்று நீங்கள் சொன்னீர்களாம். அந்தத் திருத்தம் எங்கள் ஆபீசுக்கே வந்தது. என் மேஜைக்கே வந்தது.

மாட்டேன் என்றேன். எங்கள் சூப்பர்வைசர் மாட்டுங்காத் தமிழர். கெட்டவர் இல்லை.

"இதோ பாரும்மா, பேரை மாத்தணும்னு வந்திருக்கு, மாத்திடு. உள்ளே என்ன எழுதியிருக்கான்னு பாக்கறது நம்ம டிபார்ட்மென்ட் இல்லை."

"ஒங்களுக்கும் சுகர்தான சார். இன்னைக்கி வீட்டுக்குப் போயி கால வச்சுப் பாருங்க."

அவர் தன் சீட்டுக்குப் போய்விட்டார். நான் மாற்றினேன். வேலையை விட்டுவிட்டு எங்கே போவேன்? பெயர் சரி, பக்கம் சரி, கமா சரி. அந்த வரி அப்படியே நிற்கிறது.

பழைய கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் பொறுமையாகத்தான் கேட்டாள். "சப்கே ஆனே தோ" என்றாள். திருத்தம் அச்சில் வரட்டும், அப்புறம் மாற்றுகிறோம் என்று அர்த்தம். வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்தேன். மறுநாள் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் சந்தில் எத்தனை வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதினதை நீ தப்பு என்கிறாயா என்று கேட்டார்கள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமா போட்டதையும் சொன்னேன்.

"நீ கமா போட்ட, சரி. எழுதுனவன் என்ன சொல்லுதான்?"

அதிலிருந்து நான் வேலை முடிந்து வந்ததும் தினமும் அதே கேள்வி. பதில் வந்திச்சா. தினமும் இல்லை என்கிறேன். இந்த வாரம் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர், எனக்குத் தனியாகக் கடிதம் எழுதாதீர்கள். பெயர் வரிசை பற்றிப் பேசாதீர்கள். அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி சொல்லுங்கள். அந்த நாலு பக்கத்தைப் படித்தீர்களா, இல்லையா?