கேள்வியில் இல்லாதது

மகள் தேர்வுக்கான தர்க்கக் கேள்வி ஒன்றை உரக்கப் படித்தாள். "நான்கு ஆண்டுகளில் பழம் சாப்பிடலாம் என்று கண்ணன் வீட்டு வாசலில் ரம்புத்தான் கன்று நடுகிறார். இதில் அவர் சொல்லாமலே நம்புவது எது?"

புளித்த ரப்பர் பால் வாடை என் மூக்கில் ஏறியது. நான் சிறுமியாக இருந்தபோது, மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா உடுப்பைக்கூட மாற்றாமல் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ரம்புத்தான் கன்று நடக் குழி தோண்டினார். லயத்தில் எல்லார் வாசலிலும் ஏதோ ஒரு மரம் இருந்தது.

"இது கம்பெனி வீடுங்க," என்றார் அம்மா.

"எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். யாரு நம்மள போகச் சொல்லப் போறா லா?"

அம்மா அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் அதற்கு ஊற்றினார். மரம் முதன்முதலாகப் பூத்த வருடம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். சாமான்களோடு நாங்கள் லாரியில் ஏறிய பிறகும் அப்பா அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மரம் காய்க்கும்னு நம்புறாரு. சரியாம்மா?" என்றாள் மகள்.

"அது காய்க்கிற வரைக்கும் அந்த வீட்டுல இருப்போம்னு நம்புறாரு."

"கேள்வியில அது இல்லையேம்மா!"

இல்லைதான். ஈப்போவின் இந்த வாடகை வீட்டுச் சுவரில் நான் இன்றுவரை ஓர் ஆணிகூட அடித்ததில்லை.