நாலு ஜிபியு கேட்டவன்

எங்கள் கல்லூரியில் ஏசி ஒழுங்காக வேலை செய்கிற அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மனிதர்கள் உட்காருவதில்லை. விருதுநகர் வெயிலில் வகுப்பறையில் நாங்கள் வெந்துகொண்டிருக்க, அங்கே கிளஸ்டர் என்று நாங்கள் சொல்லும் கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காகச் சொகுசாக இருக்கும். துறை முழுவதற்கும் அது பொது. எவ்வளவு மெமரி வேண்டும், எத்தனை ஜிபியு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்பினால், அது நம்மை வரிசையில் நிறுத்தி, முறை வரும்போது வேலையை ஓட்டித் தரும். ஜிபியு என்பது கணக்கை அசுர வேகத்தில் போடுகிற கார்டு. எங்கள் கிளஸ்டரில் இருந்தவை நான்கு.

எனக்கு ஒன்று போதும். பட்டாசுப் பெட்டி லேபிளைப் படம் பிடித்துக் காட்டினால், அச்சில் நிறம் கோட்டை விட்டு விலகியிருக்கிறதா என்று சொல்லும் கம்ப்யூட்டர் மாடல்தான் என் ப்ராஜெக்ட். சிவகாசி அச்சகம் ஒன்றில் கழித்துப்போட்ட லேபிள்களையும் நல்ல லேபிள்களையும் கெஞ்சி வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைத்திருந்தேன். அவற்றை மாடலுக்குக் காட்டிப் பழக்குவதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் மாடல் ஓடிக் காட்டாவிட்டால் என்னை இதிலிருந்து எடுத்து, வருகைப்பதிவு வெப்சைட் செய்கிற குழுவில் போட்டுவிடுவதாக வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார். யார் வந்தார், யார் வரவில்லை என்று வருடம் முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கட்டம் போடுவதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது.

திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து, நான்கு ஜிபியு, இருக்கிற மெமரி முழுவதும், மூன்று நாள் என்று எழுதி அனுப்பினேன்.

பேராசை இல்லை, வளர்ப்பு அப்படி. அப்பா சாத்தூரில் சீசனுக்குப் பட்டாசுக் கடை போடுகிறவர். நூறு பெட்டி வேண்டுமென்றால் கம்பெனியில் இருநூறு என்றுதான் ஆர்டர் சொல்வார். கம்பெனிக்காரர் தலையில் கை வைத்து, சரக்கே இல்லை என்று இழுத்துப் பேசி, பாதியாகக் குறைத்து லோடு ஏற்றுவார். நூறு வந்து இறங்கும். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு டீ குடிப்பார்கள். உள்ளதை உள்ளபடி நூறு என்று கேட்கிறவனுக்கு ஐம்பதுதான் வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும்போதே இது தெரிந்துவிடும்.

கிளஸ்டர் பேரம் பேசவில்லை. ‘காத்திருக்கிறது’ என்று மட்டும் காட்டியது. செவ்வாயும் அதையே காட்டியது. இழுத்துப் பிடிக்கிறது, தானாக வழிக்கு வரும் என்று நானும் விறைப்பாக இருந்தேன். சாயங்காலம் அப்பா போனில் விசாரித்தார்.

“பாதியாச்சும் குடுத்தானா?”

“இன்னும் வாயே தெறக்கலப்பா.”

“அப்போ புதுக் கம்பெனியாத்தான் இருக்கும். பழக்கவழக்கம் தெரியாது. நீ எறங்கி வந்துறாத.”

இறங்கவில்லை. புதன்கிழமை காலையில்தான் சந்தேகம் வந்து, கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் லேப் சாரிடம் போனேன். எவ்வளவு குறைப்பார்கள் என்று நான் கேட்டது அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குக் குறைக்கத் தெரியாது, கேட்டது அம்புட்டும் ஒரே நேரத்தில் காலியாகிற வரைக்கும் அது நிற்கும், நீயும் நிற்க வேண்டியதுதான் என்றார்.

பதறிப்போய் ஒரேயடியாக மறுகோடிக்குப் போனேன். ஒரு ஜிபியு, துளியூண்டு மெமரி, பத்தே நிமிடம். கொஞ்ச நேரம்தானே என்று கிளஸ்டர் அதை இடுக்கில் நுழைய விட்டது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வேலை செத்துவிட்டது. கொடுத்த மெமரியில் என் லேபிள் படங்களில் கால்வாசிகூட அடங்கவில்லை.

மூன்றாவது தடவை, வாழ்க்கையில் முதன்முறையாக, வேண்டியதை மட்டும் கேட்டேன். ஒரு ஜிபியு, படங்கள் அடங்குகிற அளவு மெமரி, அரை நாள். அதுவும் காத்திருந்தது. மறுநாள் வியாழக்கிழமையும் அப்படியே நின்றது. யார்தான் இப்படி அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று, கார்டு பிடித்திருப்பவர்கள் பட்டியலை மட்டும் பார்த்தேன். ஆராய்ச்சி மாணவியான ஒரு அக்காவிடம் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்றில் வேலை ஓடியது. இன்னொன்று சும்மா கிடந்தது. நியாயம் கேட்க நேரே அவர் அறைக்குப் போனேன். அக்காவுக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம் ஏழாயிரம்பண்ணை.

“அக்கா, ஒரு கார்டு சும்மா கெடக்கே. எறக்கி விடுங்களேன். நாளைக்கு எனக்கு ரிவ்யூ.”

“எறக்கிட்டா மறுபடி ஏற முடியுமா? எங்க ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வேன்ல, அடுத்த ஸ்டாப்புல ஏறுற ஆளுக்குச் சோத்துப் பைய வச்சு எடம் பிடிப்பாக. அந்த மாதிரி ஒரு பைய வச்சிருக்கேன்.”

“அது தப்பில்லையாக்கா?”

“ஏலே, என்னையக் கேக்க வந்துட்டியா? யாரோ ஒரு புண்ணியவான் நாலு ஜிபியு, மெமரி அம்புட்டும் வேணும்னு திங்கக்கிழமையிலருந்து நிக்கான். நான் எந்திரிச்சா மொத்தத்தையும் அள்ளிருவான்ல. மத்த ரெண்டு கார்டும் வேலை முடிஞ்சு காலியாத்தான் கெடக்கு. அந்த மகராசனுக்காகக் கிளஸ்டர் ஒதுக்கி வச்சிருக்கு. அவனும் ஓட்ட மாட்டான், அடுத்தவனையும் விடமாட்டான்.”

சொல்லிக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். வரிசையின் தலையில் என் பதிவு எண் இருந்தது. வாலிலும் என் பதிவு எண்தான் இருந்தது. திங்கட்கிழமை அனுப்பியதை ரத்துசெய்ய வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு நாளாக என்னை மறித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு விளங்கிவிட்டது.

“நீதானாலே அது?”

தலையை ஆட்டினேன். இங்கேயே, தன் கண்முன்னால் ரத்துசெய்யச் சொன்னார். லேப்டாப்பைத் திறந்தவனுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. நீங்களும் பையை எடுக்க வேண்டும் என்றேன். நீ முதலில் செய் என்றார் அவர். நீங்கள் முதலில் என்றேன் நான். ஆளுக்கொரு விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் விரலையே பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சேர்ந்து அழுத்துவது என்று ஒப்பந்தமானது. அக்கா ஒரு நொடி தாமதமாகத்தான் அழுத்தினார். நான் பார்த்தேன்.

என் வேலை கண்ணிமைப்பதற்குள் கிளம்பியது. என் இரண்டு எண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேருடையதும் கிளம்பியது. பக்கத்து லேபில் யாரோ மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் மேடம், நான் எடுத்துப்போன லேபிள்களைத் தொடவே இல்லை. தன் கைப்பையிலிருந்து, வீட்டில் மிஞ்சிய கம்பி மத்தாப்புப் பெட்டியின் லேபிளை எடுத்தார். படம் பிடித்துக் கொடுத்தேன். விலகியிருக்கிறது என்றது மாடல். மேடம் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். லேபிளில் இருந்த மயிலின் நீலம் மயிரிழை அளவுக்குக் கோட்டைத் தாண்டியிருந்தது. பையிலிருந்து இன்னொரு லேபிளை எடுத்துக் கொடுத்தார். அதையும் விலகல் என்றது. மறுபடி ஜன்னல். இந்த முறை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். அச்சு கனகச்சிதமாக இருந்தது.

“நல்லதையும் தப்புங்குது,” என்றார்.

என் கண்முன்னால் வருகைப்பதிவுக் கட்டங்கள் அணிவகுத்தன.

“நீ காட்டுன நல்ல லேபிள் போதல. இன்னும் நெறையக் காட்டணும். அடுத்த ரிவ்யூக்குள்ள நீயே காட்டிப் பழக்கிரு.”

நீயே என்றாரா என்று இன்னொரு தரம் கேட்கலாமா என யோசித்தேன். கேட்டு, அவர் மனம் மாறிவிட்டால்? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் சிவகாசி பஸ்ஸில் ஏறினேன்.