தட்டின் பின்பக்கம்

ரெஜினாவுக்கு வாயே கிடையாது என்றுதான் விருத்தாசலத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதிப் பேருக்கு ரெஜினாவையே தெரியாது. நம்பியவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அவள் புருஷன் ஆல்பர்ட் மைக் செட் வைத்திருந்தான். நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபையர், அவற்றோடு ஆண்டவர் கொடுத்த தொண்டை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழா எதுவானாலும் ஆல்பர்ட்தான். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரை இறக்கி வைப்பானே தவிர, குரலை இறக்கி வைக்க மாட்டான்.

யாராவது ரெஜினாவைப் பார்த்து, "காப்பி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டால், "அவளுக்கு டீதாங்க" என்று ஆல்பர்ட் சொல்லிவிடுவான். "ஒடம்பு எப்படி இருக்குது?" என்றால், "நல்லா இருக்கறா" என்பான். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பெண்டாட்டிக்குப் பேசுகிற சிரமம்கூட இருக்கக் கூடாது என்று நினைத்த உத்தமன்.

அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் மைக்கில் படிப்பான், பிறகுதான் மனசுக்குள் படிப்பான். ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் அனுப்பிய, "சாம்பார் பத்தாது, பேச்சைக் கொஞ்சம் இழுங்க" என்ற சீட்டை நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று படித்தவன். பெண் வீட்டார் இன்றைக்கும் அவனைக் கண்டால் தெரு மாறிப் போவார்கள்.

ரெஜினா வேலை பார்த்தது ராஜமாணிக்கத்தின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில். பொம்மைகளுக்கு முகம் எழுதுவது அவள் வேலை. கொலுவுக்குச் செட்டியாரும் மீனாட்சியும், கிறிஸ்துமசுக்கு மாதாவும் இடையர்களும் என்று பதினைந்து வருஷமாக எல்லோருக்கும் கண் திறந்துவிட்டவள் அவள்தான். 2003-ல் ஒரு நாள் முதலாளி, "என்னம்மா இது, செட்டியாரு கடன்காரனப் பாக்கற மாதிரி மொறைக்கறாரு?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். ரெஜினா வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, உடைந்த பிஸ்கட் துண்டு ஒன்றை எடுத்தாள். பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுத் தின்பதல்ல. ஒரு தடவை மட்டும் சூளையில் வெந்து, மேலே பளபளப்பு பூசாத சரக்குக்கு அங்கே அதுதான் பேர். அதில் முதலாளியையே எழுதினாள், மீசை, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, வெற்றிலை அதக்கிய கன்னம் ஒன்று விடாமல். கீழே, "நீங்களும்தான் மொறைக்கிறீங்க" என்று ஒரு வரி. எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஈர ஸ்பாஞ்சால் நாலு தேய்ப்புத் தேய்த்து அழித்துவிட்டாள். அன்று மத்தியானம் எழுதிய செட்டியார்கள் அத்தனை பேரும் சாந்தமாக இருந்தார்கள்.

அதிலிருந்து தினமும் அந்த நேரம் அவளுடையது. தண்ணீர்க் குழாயில் மூக்கை நுழைக்கிற காக்காய், பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போட்ட கிழவர், வாயே குழாய் ஸ்பீக்கராக விரிந்த ஆல்பர்ட் என்று எதையாவது வரைவாள், கூடவே ரெண்டு வரி. அம்மாவின் முதல் நினைவு நாளன்று பாம்படம் தொங்கித் தொங்கி நீண்டுபோன அம்மாவின் காதை மட்டும் வரைந்தாள். அன்று அழிக்க மனசு வரவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், அப்புறம் அழித்தாள். ஆனால் எதுவும் மிஞ்சாது என்ற தைரியத்தில்தான் எல்லாம் எழுதினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006 ஆகஸ்டு கடைசியில் மகளிர் குழு வாசுகியம்மா வீடு தேடி வந்தார். நல்லூரில் இருபது பெண்கள் பொம்மைக்கு வர்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், வாரம் மூன்று நாள் ரெஜினா வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மீதி மூன்று நாள் கம்பெனிக்குப் போகலாம், முதலாளியிடம் பேசியாகிவிட்டது என்றார். ரெஜினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள்.

"அவளுக்கு அதெல்லாம் இஷ்டமில்ல மேடம். நாலு பேரு முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கும்" என்றான் ஆல்பர்ட்.

திறந்த வாயை ரெஜினா கொட்டாவி மாதிரி மூடிக்கொண்டாள். வாசுகியம்மா கெட்டிக்காரி. "செப்டம்பர் பதினொண்ணு, திங்கக்கெழம வகுப்பு ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் பாக்கறேன், இல்லன்னா கடலூர்லேருந்து ஆள வரச் சொல்லிடுவேன்" என்று ரெஜினாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் ஆகியும் ரெஜினா வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திருவிழா நெருங்கியது. விளையாட்டுப் போட்டி, கோலப்போட்டிப் பரிசுகளுக்காக மாதா கோயிலில் ஐம்பது சின்னத் தட்டு கேட்டிருந்தார்கள். முன்பக்கம் லில்லிப் பூ எழுதி முடித்தாள் ரெஜினா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உடைந்த துண்டு எதுவும் அகப்படவில்லை. மனசோ கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதி முடிக்கவும் வாசலில் ஆல்பர்ட்டின் வண்டி ஹாரன் அடித்தது. "ரெஜினா! பெண்ணாடத்துலேருந்து அண்ணன் வந்துட்டாரு! கோழி வாங்கியாச்சு, சீக்கிரம் வா!" அந்தக் குரலுக்கு மைக் தேவையே இல்லை. ஸ்பாஞ்சைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

மறுநாள் காலையில் தட்டைக் காணவில்லை. சூளை பார்க்கிற தங்கதுரையைப் பிடித்தாள்.

"நாப்பத்தொம்பதுதான் இருந்துதுக்கா. ஒண்ணு உங்க பலகை மேல கவுந்து கெடந்துது. பின்னால என்னமோ பொடியா எழுதியிருந்தீங்க. மொதலாளி தேதி கீதி போடச் சொல்லியிருப்பாருன்னு, அழியாம பதமா கிளேஸ்ல முக்கி அடுக்கிட்டேன்" என்றான் தங்கதுரை, பாராட்டை எதிர்பார்த்து.

கிளேஸ் என்பதுதான் அந்தப் பளபளப்புப் பூச்சு. அதில் முக்கினால் எழுத்து வெள்ளையில் மறைந்துவிடும். வெந்தால் நீலமாக எழும்பி வரும், அப்புறம் எமனே வந்தாலும் அழிக்க முடியாது. சூளை வாயைச் செங்கல் வைத்து மண் பூசி மூடியாகிவிட்டது. சூளைக்குள் சரக்கு உடைய வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட முதல் தொழிலாளி ரெஜினாவாகத்தான் இருக்க வேண்டும்.

மாதா காதில் வாங்கவில்லை. திருவிழா நாள் காலை ரெஜினா விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது சூளை பிரித்தார்கள். ஐம்பதும் கீறல் இல்லாமல் வந்திருந்தன. நேரமாகிவிட்டதே என்று முதலாளி அவசர அவசரமாக ஜிகினாப் பேப்பரில் சுற்றிக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் பரிசு மேசையை ரெஜினா மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பேப்பர். மேடையில் ஆல்பர்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டான். பரிசு கொடுக்க முன்வரிசையில் வாசுகியம்மா வேறு. ஒவ்வொரு தட்டும் கைமாறும்போது ரெஜினாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முப்பது போனது, நாற்பது போனது. கோலப்போட்டியில் ஜெயித்த தென்றல், வீட்டுக்குப் போகிற பொறுமை இல்லாமல் மேடையிலேயே பேப்பரைக் கிழித்தாள். அவள் ஆல்பர்ட் குடியிருக்கிற தெருவிலேயே இருப்பவள்தான்.

"மாமா, பின்னாடி என்னமோ எழுதியிருக்குது" என்று தட்டை நீட்டினாள்.

ஆல்பர்ட் வாங்கினான். வாங்கினால் என்ன செய்வான் என்றுதான் தெரியுமே. "ஆல்பர்ட்டுக்கு... அட, நம்ம பேரு!" என்று மைக்கில் சிரித்தான். "வாசுகியம்மா என்னத்தான் கேட்டாங்க. பதில நீங்க சொன்னீங்க. எனக்கு இஷ்டமில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எனக்கு நல்லூரு போவணும். ரொம்ப ஆசையா இருக்குது. பதினாறு வருஷத்துல உனக்கு என்ன வேணும்னு நீங்க..." இங்கே குரல் இறங்கியது. ஆனால் பழக்கம் விடவில்லை, மீதியையும் வாய் படித்து முடித்தது. "...ஒருவாட்டி கூட என்னைக் கேக்கல."

ஸ்பீக்கர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ரெஜினா எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தட்டைப் பிடுங்கி முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்தாள்.

"வெந்துடுச்சுக்கா, போவாது!" என்று கூட்டத்திலிருந்து தங்கதுரை கத்தினான்.

கை நின்றது. தான் எழுதியது மறுநாளும் அழியாமல் இருப்பதை ரெஜினா பார்த்தது அதுதான் முதல் தடவை. நீலம் நன்றாக ஏறியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது, அதற்கு மேலாக அந்த எழுத்து அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

"ஏண்டி, வூட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் ஆல்பர்ட் ரகசியமாக. ரகசியம் நாலு ஸ்பீக்கரிலும் போனது.

"வூட்டுல எனக்கு ஏதுங்க மைக்கு?" என்றாள் ரெஜினா. அதுவும் போனது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தன் குரல் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டு ரெஜினா ஒரு நிமிஷம் பயந்துபோனாள். ஆனாலும் மைக்கை விட்டு நகரவில்லை. "வாசுகியம்மா, திங்கக்கெழம நான் வரேங்க" என்றாள்.

அந்தத் தட்டுக்குப் பதிலாக ரெண்டு தட்டு தருகிறேன் என்று ஆல்பர்ட் கெஞ்சிப் பார்த்தான். "மொதப் பரிசு மாமா, தர மாட்டேன்" என்று தென்றல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்றும் அது அவர்கள் வீட்டு அலமாரியில், பின்பக்கம் தெரியும்படிதான் நிற்கிறது. ஆல்பர்ட் அங்கே டீ குடிக்கப் போனால் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்காருவான். சனிக்கிழமை அவனே ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி வந்து ரெஜினா முன்னால் வைத்தான். "இதுல எழுது. நான் படிக்க மாட்டேன்" என்றான். "படிங்க. மைக்குல மட்டும் வேணாம்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை, நல்லூர் வழியாகப் போகிற வேப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட ஆல்பர்ட்டும் வந்தான். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, இறங்க மனசில்லாமல் பக்கத்திலேயே நின்றான். கண்டக்டர் வந்து, "எங்கம்மா போவணும்?" என்றார்.

ஆல்பர்ட் வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டு, ரெஜினாவைப் பார்த்தான்.

"நல்லூரு ஒண்ணு" என்றாள் ரெஜினா, பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.