ஒன்பதாவது வரி

அன்றைக்கு அரியலூர் ஆபீஸில் சார் இருந்தார். டூல் செய்த பெரம்பலூர்ப் பெண் இருந்தது. என்னோடு வீடு வீடாகப் போகிற குரும்பலூர் அக்கா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான், கையில் நோட்டோடு.

சுண்ணாம்புக்கல் குவாரிப் பக்கத்து ஊர்களில் மூச்சு வாங்குகிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. ஆளுக்கு ஒரு படிவம், போனிலேயே நிரப்புவோம். அது எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அங்கிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பட்டியல் போடத்தான் அந்த டூல். ஏபிஐ என்பார் சார். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி, கேட்டால் கொடுக்கும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்குள் டூலை ஓட்டுகிற முறையை எழுதி வைக்க வேண்டும். சார் என்னைக் காட்டினார்.

"நீங்க எழுதுங்கம்மா. எட்டாவது படிச்ச ஒங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

"பாராட்டுறாரா வையுறாரா, ஒண்ணும் தெரியலியே" என்றார் அக்கா.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதினேன். திரையில் நீளமாக ஓர் எழுத்து வரிசையைக் காட்டியது.

"இதுதான் சாவிக்கா. யாருகிட்டயும் குடுக்கக் கூடாது."

"பூட்டு எங்க இருக்கு?"

"பூட்டு அந்தப் பக்கம்."

சாவி நம்மிடம், பூட்டு அந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டேன். சாவி, படிவத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து வேண்டும், எந்த பட்டனை அமுக்குவது. மொத்தம் எட்டு வரி வந்தது. அந்த எட்டைப் பார்த்து நானே ஓட்டினேன். அன்றைக்குச் சேர்ந்திருந்தது அறுபது படிவம். அறுபதும் வந்தது. அந்தப் பெண் என் எட்டு வரியை டைப் செய்து சுவரில் ஒட்டிவிட்டுப் போனது.

மீதி ஊர்களை எழுதினோம். சொந்த ஊரைக் கடைசியில்தான் எழுதுவோம். அதிலும் சொந்த வீடு கடைசிக்கும் கடைசி. சார் சொன்ன விதி இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. "நம்ம வூட்ட முதல்ல எழுதுனா, ஒனக்குன்னுதான் வந்தியான்னு கேப்பாங்க" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் இருபது வருசம் லாரியில் கல் ஏற்றியவர். அப்போது பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். தினம் கேட்பார்.

"என் பேரு எப்ப புள்ள?"

"கடைசில."

"ரேசன்லயும் கடைசி, பந்தியிலயும் கடைசி, இதுலயுமா?"

கடைசியாக அவரையும் எழுதினேன்.

பட்டியல் எடுக்கிற நாள் வந்தது. சுவரைப் பார்த்து எட்டு வரியும் செய்தேன். சார் எண்ணிப் பார்த்தார்.

"நூறு! கரெக்டா நூறு வந்திருக்கு பாருங்க!"

அவருக்கு அவ்வளவு சந்தோசம். மொத்தம் எத்தனை படிவம் என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. நான் பட்டியலில் எங்கள் வீட்டுப் பேரைத் தேடவில்லை. சார் நிற்கும்போது அதைத் தேடுவது சரியாகப் படவில்லை.

மறு வாரம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கிற வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. எங்கள் பட்டியலைப் பார்த்துப் பேர் வாசித்தார்கள். மேலத் தெருவோடு நின்றுவிட்டது. எங்கள் தெரு ஆட்கள் வெயிலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பட்டியல்ல இல்லாதவங்களுக்கு எடுக்க முடியாதும்மா. நீங்க எடுத்துக் குடுத்த பட்டியல்தான?" என்றார் சார்.

பட்டியலை வாங்கிக் கடைசிவரை பார்த்தேன், எங்கள் தெருவே இல்லை.

"ஊரையெல்லாம் எழுதுன, என்னைய வுட்டுட்டியே" என்றார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கே மூச்சு வாங்கியது.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எத்தனை பேர் வந்தது என்று கேட்டது, நூறு என்றேன். அப்புறம் சொன்னது.

"அக்கா, அது ஒரு தடவைக்கு நூறுதான் குடுக்கும். முதல்ல எழுதுன நூறு. இன்னும் இருந்தா அடியில ஒரு குறி வரும். அதப் போட்டு மறுபடி கேக்கணும். அன்னிக்கு அறுபதுதான இருந்துச்சு, குறியே வரல. நானும் சொல்ல மறந்துட்டேன்."

மறுநாள் ஆபீஸ் போய் அந்தப் பெண் சொன்னபடி மறுபடி கேட்டேன். மொத்தம் நூற்று முப்பத்தேழு வந்தது. வண்டி அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தது. இனி ஆறு மாதம் கழித்துத்தான் என்றார்கள். சுவரில் இருந்த தாளில் ஒன்பதாவது வரியைப் பேனாவால் எழுதினேன்.

வண்டி திரும்பி வருகிறவரை இவர் இருக்கவில்லை. அன்றைக்கே படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. எடுக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். குரும்பலூர் அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வண்டி மறுபடி வரப்போகிறது, பட்டியலைப் புதிதாக எடுத்து, இறந்தவர்களை நீக்கிக் கொடுங்கள் என்றார் சார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒன்பது வரியும் செய்தேன். எல்லாரும் வந்தார்கள். இறந்தவர் ஒருவர்தான். கடைசி வரியில் இருந்தார். நீக்கினேன். மேலேயிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன்.

நூற்று முப்பத்தாறு.